அரிப்புக்கும் ஓர் ஆய்வு வேண்டும்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும் கவுன்சிலின் அறிவியல் குழுவினருக்கும்,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில், தோல் நோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் நான். கரப்பான் (எக்சிமா), சொரியாசிஸ், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலரிப்பு ஆகியவற்றுக்கு நம் நாட்டில் ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கும் மருந்துகளைப் பெரிய அளவில் முறையாகச் சோதிக்க வேண்டும். அந்த ஆய்வுகளைக் கவுன்சிலே தன் பொறுப்பிலும் செலவிலும் நடத்த வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அரிப்பால் யாரும் சாவதில்லை என்று சொல்லி அதை ஒதுக்கி வைப்பது எளிது. எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்து அரைநாள் உட்கார்ந்து பாருங்கள். பல ஆண்டுகளாகச் சொறிந்தவரின் நகங்கள் மெருகேற்றியது போல் மின்னும். சட்டையைக் கழற்றச் சொன்னால் தோளிலும் இடுப்பிலும் கருத்துத் தடித்த முடிச்சுகள். முதுகின் நடுவில், கை எட்டாத இடம் மட்டும் நோயே தீண்டாத தோலாக இருக்கும். நாற்று நடும் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவிடம், அரிப்பு பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று கேட்டேன். உலகெங்கும் ஆய்வுகளில் கேட்கும் கேள்விதான். “எண் எல்லாம் தெரியாது டாக்டர். விளக்கை அணைத்தால் ஆரம்பிக்கும். பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன்” என்றார். அவருடைய கேஸ் ஷீட்டில் நான் என்ன எண்ணை எழுதுவது? அவருக்குப் பொருந்தும் அளவுகோல் ஒன்றைத் தமிழில் உருவாக்கிச் சரிபார்ப்பதே கூட ஓர் ஆய்வுதான். அதைச் செய்யாமல் எந்த மருந்து எவ்வளவு பலன் தந்தது என்று எப்படிச் சொல்வோம்?

இவருக்கு இதுவரை கிடைத்தது என்ன? ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் மாத்திரை. திடீரெனத் தடிப்பு எழும் காணாக்கடிக்கு அது நல்ல மருந்து. ஏனென்றால் காணாக்கடியில் அரிப்பைக் கிளப்புவது, ஒவ்வாமையின்போது உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். கரப்பானிலும் சிறுநீரக நோயிலும் அரிப்பு பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. நம் வேலியோரத்துப் பூனைக்காலியின் கதை இங்கே பொருந்தும். அதன் காயில் இருக்கும் நுண்ணிய சுணை தோலில் பட்டால் உயிர் போகிற அரிப்பு. 1955இல் வால்டர் ஷெல்லி, ராபர்ட் ஆர்தர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தச் சுணையில் இருக்கும் ஒரு நொதியே அரிப்புக்குக் காரணம் என்று காட்டினார்கள். அது ஹிஸ்டமின் வழியில் வேலை செய்வதில்லை. அந்த நொதி எந்த ஏற்பிகளை, அதாவது செல்லில் செய்தியை வாங்கும் புரதங்களை, தட்டுகிறது என்பது 2008இல் தெளிவானது. பூனைக்காலி அரிப்பை ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரையால் அடக்க முடியாது. ஆனால் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லா அரிப்புக்கும் அதே மாத்திரைதான். அதனால் கிடைப்பது தூக்கம். அரிப்பு அப்படியே இருக்கும்.

கடந்த பத்தாண்டுகளில் இந்த இரண்டாவது வழியைக் குறிவைத்து நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படும் இன்டர்லூக்கின் என்ற புரதங்களில் 4, 13 ஆகிய இரண்டின் செய்தியையும் ஒருசேர மறிக்கும் டுபிலுமாப் ஊசிக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நரம்புக்கு நேரடியாக அரிப்புச் செய்தியைக் கொண்டுபோகும் இன்டர்லூக்கின் 31இன் ஏற்பியை அடைக்கும் நெமோலிசுமாப், ஜப்பானில் பிறந்து 2022இல் அங்கே அனுமதி பெற்றது, அமெரிக்காவில் 2024இல். கடுமையான கரப்பான் வந்த குழந்தை இந்த ஊசியால் இரவு முழுக்கத் தூங்கும் என்றால் அதை நான் கொண்டாடுகிறேன். ஆனால் வாரக் கணக்கில் தொடர்ந்து, பலருக்கு ஆண்டுக் கணக்கில் போட வேண்டிய ஊசி அது. கூலி வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, மாதச் சம்பளக்காரருக்கும் எட்டாத விலை.

அப்படியானால் மலிவான மாற்று ஏதாவது உண்டா என்பதுதான் என் கேள்வி. உண்டு என்று நினைக்கிறேன். நினைப்பது போதாதே! காப்புரிமை முடிந்த மருந்தைச் சோதிக்க எந்த நிறுவனமும் கோடிகளைக் கொட்டாது. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாபம் இல்லாத இடத்தில் வணிகம் முதலிடாது. அந்த இடத்தில் அரசுதான் நிற்க வேண்டும்.

பிரிட்டனில் அரசு அப்படி முன்வந்து நின்றது. குளிக்கும் தண்ணீரில் கலக்கும் எண்ணெய்ப் பொருள்களைக் கரப்பான் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக் கொடுத்துவந்தார்கள். அரசுச் சுகாதாரத் துறைக்கு அந்த வகையில் ஆண்டுக்கு 2 கோடிப் பவுண்டுக்கும் மேல் செலவு. அரசுப் பணத்தில் 482 குழந்தைகளிடம் சோதித்து, அதனால் கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். எந்த நிறுவனம் இந்த ஆய்வை நடத்தியிருக்கும்? இன்னொன்று எனக்கு இன்னும் நெருக்கமானது. கடுமையான கரப்பான் உள்ள 103 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சிக்ளோஸ்போரினும் மற்றவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட்டும், அதாவது நோயெதிர்ப்பைத் தணிக்கும் இரண்டு பழைய மருந்துகளை, கொடுத்து ஒப்பிட்டு 2023இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் சில வாரங்களில் சிக்ளோஸ்போரின் முந்திக்கொண்டது. மருந்தை நிறுத்திய பிறகும் நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் மெத்தோட்ரெக்சேட் மேலாக நின்றது. மெத்தோட்ரெக்சேட் நம் நாட்டில் மாத்திரை ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கிற மருந்து. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே விழுங்க வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நாங்கள் அட்டையிலும் சீட்டிலும் கிழமையைப் பெரிதாக எழுதி, வீட்டுக்காரரிடமும் திருப்பிச் சொல்ல வைக்கிறோம். இப்படிப்பட்ட மருந்தை, எழுத்துத் தெரியாத தாய் தன் குழந்தைக்குக் கொடுக்கும் சூழலில் பாதுகாப்பாக எப்படிப் பயன்படுத்துவது என்பதை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் செய்த ஆய்வு சொல்லாது.

கவுன்சிலுக்கு இது புதிய வேலையும் அல்ல. 1956இல் சென்னையில், கவுன்சிலும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்பது அதுதான். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம் (நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை), ஓய்வு, நல்ல சாப்பாடு என்பதே உலகத்தின் முடிவு. நெரிசலான குடிசையில், போதிய உணவில்லாமல் வாழும் சென்னை ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்று கேட்டு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த உறவினர்களுக்குத் தொற்று அபாயமும் கூடவில்லை. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை அந்த ஆய்வுக்குப் பிறகு மாறியது. பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை மிகப் பெரிய அளவில் சோதித்தீர்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு வந்தபோது அதை மறைக்காமல் உலகின் முன் வைத்தீர்கள். அந்த நேர்மையையும் அந்தக் கேள்வி கேட்கும் முறையையும் தோல் நோய்க்கும் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், டயாலிசிஸ் பிரிவில் தொடங்குங்கள் என்பேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் தமிழ்நாட்டில் ஏழைகளுக்கும் டயாலிசிஸ் கிடைக்கிறது. அது பெரிய சாதனை. ஆனால் இயந்திரத்தோடு பிணைந்து நான்கு மணி நேரம் கிடக்கும் ஒருவர், ஊசி குத்தாத கையால் மற்ற இடமெல்லாம் சொறிந்துகொண்டே இருப்பதை அந்த அறைக்குள் போனால் பார்க்கலாம். தூக்கம் போகிறது, மனச்சோர்வு வருகிறது. சிலர் டயாலிசிசுக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இந்த அரிப்புக்கென்றே டிஃபெலிகெஃபாலின் என்ற ஊசி மருந்துக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. அதற்கான முக்கிய ஆய்வுகளில் ஒன்று 378 பேரிடம் நடந்தது. மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அரிப்பு கணிசமாகக் குறைந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து பெற்றவர்களிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு அதே அளவு குறைந்தது.

இந்த இரண்டாவது எண்தான் என்னைத் தூங்கவிடாதது. கபாபென்டின் என்ற பழைய நரம்பு மருந்தைச் சின்ன அளவில், டயாலிசிஸ் முடிந்த பிறகு நாங்கள் பலருக்குக் கொடுக்கிறோம். நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் போலி மருந்துக்கே மூன்றில் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் நோயில், என் அனுபவத்தை ஆதாரம் என்று எப்படிச் சொல்வேன்? இந்த மருந்தைப் பற்றிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் 2004ஆம் ஆண்டு துருக்கி ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 25 பேர். அதற்குப் பிறகு வந்தவற்றிலும் பல அப்படிப்பட்ட சிறு ஆய்வுகளே. கபாபென்டின் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடலில் அது தேங்கி மயக்கமும் குழப்பமும் உண்டாக்கும். நம் நோயாளிகள் பலர் எடை குறைந்தவர்கள். வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டியவர்கள் இரண்டு முறை மட்டும் வருகிறார்கள். அவர்களுக்கு 100 மில்லிகிராம் சரியா, 50 போதுமா, டயாலிசிஸ் இல்லாத நாளில் கொடுக்கலாமா? இதற்கெல்லாம் விடை சொல்லும் ஆய்வை நடத்துவது கடினமே இல்லை. நோயாளி தானாகவே வாரந்தோறும் வருகிறார். மருந்தைச் செவிலியரே கையில் கொடுத்து விழுங்க வைக்கலாம். ரத்தப் பரிசோதனை எப்படியும் எடுக்கப்படுகிறது. வேறெந்த நோயிலும் இத்தனை வசதி அமையாது.

அடுத்தது வெட்பாலை என்ற மரம். இதை எழுதினால் அலோபதிக்காரர் ஏன் இதைப் பேசுகிறார் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதத்தான் வேண்டும். வெட்பாலை இலையைப் பறித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். காளாஞ்சகப் படைக்கு, அதாவது சொரியாசிசுக்கு, சித்த மருத்துவர்கள் இதைத் தடவச் சொல்கிறார்கள். எங்கள் மருத்துவமனையின் சித்தா பிரிவிலும் கொடுக்கிறார்கள். அந்த இலையில் இண்டிகோ, இண்டிருபின் முதலிய பொருள்கள் இருப்பது வேதியியல் ஆய்வில் தெரிந்த செய்தி. சீன மருத்துவத்தில் அவுரி வகைச் செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடியிலும் இதே இண்டிருபின் உண்டு. தைவானில் லின் யின்-கு என்ற மருத்துவரின் குழுவினர் அந்தப் பொடியால் களிம்பு செய்து, 42 சொரியாசிஸ் நோயாளிகளின் ஒரு பக்கத்தில் மருந்தும் மறுபக்கத்தில் வெறும் களிம்பும் தடவி ஒப்பிட்டார்கள். மருந்து தடவிய பக்கம் தெளிவாகத் தேறியது. 2008இல் அதைப் பிரசுரித்தார்கள். இண்டிருபின் தோல் செல்களில் ஏ.எச்.ஆர். என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. அதே ஏற்பியைத் தூண்டும் டாபினரோஃப் என்ற களிம்பு 2022இல் அமெரிக்காவில் சொரியாசிசுக்கு அனுமதி பெற்றது. மண்புழுவினும் நுண்ணிய ஒரு புழுவோடு வாழும் பாக்டீரியாவிலிருந்து முதலில் கண்டெடுத்த மூலக்கூறு அது. ஒரு குழாயின் பட்டியல் விலை ஆயிரம் டாலருக்கும் மேல்.

வெட்பாலைத் தைலம் அதே வேலையைச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு பாட்டிலில் இருக்கும் இண்டிருபின் அளவு அடுத்த பாட்டிலில் இருக்குமா என்பதே தெரியாது. இலை எந்த மாதம் பறித்தது, எத்தனை வெயில் பட்டது என்பதைப் பொறுத்து அது மாறலாம். முதலில் அளவை நிலைப்படுத்த வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: ஒப்பிடுவதற்கு வெறும் தேங்காய் எண்ணெய் கொடுத்தால், அதுவே சும்மா இருக்கும் பொருள் அல்ல. பிலிப்பைன்சில் 117 கரப்பான் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிடத் தோலை மேம்படுத்தியது. நிறமோ இன்னொரு சிக்கல். ஊதாக் கறையைப் பார்த்தாலே எது மருந்து என்று தெரிந்துவிடும். ஒப்பிடும் எண்ணெய்க்கும் தீங்கற்ற ஊதா நிறம் ஏற்ற வேண்டும். இவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தாங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடியும். பலன் இல்லை என்று வந்தாலும் மக்களிடம் அதைச் சொல்லிவிடலாம். பலன் உண்டு என்று வந்தால், தரம் உறுதி செய்த ஒரு மருந்து அரசு மருந்தகத்தில் நிற்கும்.

மாத்திரைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். டோஃபாசிட்டினிப் முதலான ஜேக் தடுப்பு மருந்துகளை, அதாவது அழற்சிச் செய்தியைக் கடத்தும் ஜேக் என்ற நொதிகளை அடக்கும் மருந்துகளை, இந்திய நிறுவனங்கள் பலவும் இப்போது தயாரிக்கின்றன. மூட்டுவாதத்துக்கு அனுமதி பெற்றதைக் கரப்பானுக்கும் வெண்படைக்கும் முடி உதிர்வுக்கும் எழுதுவது பரவலாகிவிட்டது. இதய நோய், ரத்தக் கட்டு, புற்றுநோய் அபாயம் குறித்து 2021இல் அமெரிக்க ஒழுங்காணையம் கடும் எச்சரிக்கை விடுத்த வகை இது. நம் நாட்டில் அதோடு காசநோயும் சேர்கிறது. தாங்கள் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படியே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31 சதவீதத்தினருக்குக் காசநோய்க் கிருமித் தொற்று இருக்கிறது. தூங்கும் கிருமியை எழுப்பக்கூடிய மருந்தை இப்படிப்பட்ட மக்களிடம் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று எழுதி வைக்க ஓர் ஏடு கூட இல்லாமல் இருக்கலாமா? பிரிட்டனில் சொரியாசிஸ் மருந்துகளுக்கு அப்படியோர் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது.

ஆய்வு இல்லாத இடத்தில் என்ன நுழையும் என்பதையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒரே குழாயில் அடைத்த களிம்புகள்தான் பல ஊர்களில் அரிப்பின் முதல் மருந்து. படர்தாமரைக்கு அதைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும். வழக்கமான டெர்பினஃபைன் மாத்திரைக்கு அடங்காத புதிய பூஞ்சை இனம் ஒன்று இந்தியாவின் பெயரைத் தாங்கி, டிரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 2023இல் நியூயார்க்கிலும் கண்டறிந்தார்கள். இத்தகைய களிம்புகளின் தாறுமாறான பயன்பாடு அதற்கு வழிவிட்டிருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 2018இல் 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது நல்ல செயல். ஆனால் இரவு முழுக்கச் சொறியும் மனிதரின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டு அவர் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு அந்த ஆணையில் விடை இல்லை.

ஆய்வுகளை வடிவமைக்கும்போது இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். கரப்பானின் கடுமையை மதிப்பிடும் அளவுகோல்கள் தோலின் சிவப்பை எண்ணுகின்றன. நம் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதாவாக, சாம்பலாக, அடர்பழுப்பாகத் தெரியும். அந்த அளவுகோலை அப்படியே எடுத்தால் கடுமையான நோய் மிதமானது என்று பதிவாகும். நோய் ஆறிய பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கருமையை அது எண்ணுவதே இல்லை. ஒரு பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நின்றுபோவது பெரும்பாலும் அந்தக் கருமையால்தான்.

ஏழைகளைச் சோதனைப் பொருளாக்குவதா என்ற கேள்வி எழும். எழ வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் மருந்தாய்வுகளில் நடந்த தவறுகளால் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்த 2019ஆம் ஆண்டு விதிகள் இழப்பீட்டையும் இலவச சிகிச்சையையும் கட்டாயமாக்கியுள்ளன. அவற்றைக் கறாராகப் பின்பற்றுங்கள். ஒப்புதல் படிவத்தை அந்த நாற்று நடும் அம்மாவுக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். ஆனால் சோதிக்காத மருந்துகளை நாங்கள் இன்றும் அவருக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். என்ன ஆனது என்று குறித்துவைக்காமல் கொடுக்கிறோம், அவ்வளவே.

முதல் கட்டமாகத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவுகளை இணைத்து கபாபென்டின் ஆய்வுக்கு அழைப்பு விடுங்கள். அதோடு சேர்த்தே தமிழ் அரிப்பு அளவுகோலையும் சரிபார்த்துவிடலாம். இரண்டுக்கும் நோயாளிகள் அதே ஆட்கள்தான். சேத்துப்பட்டு நிறுவனத்தில் புள்ளியியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள், குலுக்கல் முறையும் கள அனுபவமும் இருக்கின்றன. எங்கள் பிரிவில் சிறுநீரக மருத்துவர்களுடனும் செவிலியர்களுடனும் பேசிவிட்டேன், அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். மருந்தளவு, கண்காணிப்பு, மயக்கம் வந்தால் நிறுத்தும் விதி ஆகியவை அடங்கிய முன்வரைவு எழுதி வைத்திருக்கிறேன். எங்கே, என்றைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பணியில் உள்ள தோல் மருத்துவர் ஒருவர்